அ.சா.1 ஆக மட்டும் நிற்காதீர்கள்: குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு, எஃப்.ஐ.ஆர். முதல் மேல்முறையீடு வரை

என் சித்தியின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடியவனும் என் சித்தியும் ஒருநாள் நீதிமன்ற வராந்தாவில் ஒரே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஜாமீனில் வந்திருந்தான், சித்தி சம்மன் கிடைத்து வந்திருந்தார். அவன் பக்கத்தில் வக்கீல், வக்கீலின் ஜூனியர், கூட்டாளிகள் இரண்டு பேர். சித்தி பக்கத்தில் நான், ஒரு தண்ணீர் பாட்டில், காகிதங்கள் திணித்த ஒரு மஞ்சப்பை. எங்கே உட்கார வேண்டும், உள்ளே என்ன கேட்பார்கள், அன்றைக்கே முடியுமா முடியாதா என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. பிற்பாடு தீர்ப்பு நகலை வாங்கிப் பார்த்தால் சித்தியின் பெயர் ஓரிடத்தில்தான் இருந்தது, மற்ற பக்கங்களில் எல்லாம் அவர் "அ.சா.1". அரசுத் தரப்பின் முதல் சாட்சி, அவ்வளவுதான்.

நான் வக்கீல் இல்லை. சித்தியோடு வாய்தா வாய்தாவாக அலைந்தவன், அந்த எரிச்சலில் சட்டத்தைப் புரட்டிப் படித்தவன். அப்போது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றிய எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதுவது இது, ஆனால் சட்டம் இந்தியா முழுக்க ஒன்றுதான்: 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. இடத்தில் பி.என்.எஸ்.எஸ்., தண்டனைச் சட்டமான ஐ.பி.சி. இடத்தில் பி.என்.எஸ். கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் பி.என்.எஸ்.எஸ்.-ல் உள்ளவை. உங்கள் வழக்கு அதற்கு முந்தைய சம்பவம் என்றால் பிரிவு எண்கள் மாறும், உரிமைகள் பெரும்பாலும் அதேதான்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: வழக்கு உங்களுடையது இல்லை

கிரிமினல் வழக்கின் தலைப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் அரசு, காவல் ஆய்வாளர் வழியாக. மறுபக்கம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். உங்கள் பெயர் எங்கும் இருக்காது. குற்றம் என்பது அரசுக்கு எதிரானது என்ற கணக்கில் கட்டிய அமைப்பு இது, உங்கள் உடைந்த கை அந்தக் கணக்கில் ஒரு சான்று. இதை முதல் நாளே ஜீரணித்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தனியாகப் படிக்கும் துறை ஒன்று இருக்கிறது, விக்டிமாலஜி என்பார்கள், தமிழில் பாதிக்கப்பட்டோரியல். வேடிக்கை என்னவென்றால் அந்தத் துறையே பாதிக்கப்பட்டவர் மேல் பழி போட்டுத்தான் தொடங்கியது. பெஞ்சமின் மெண்டல்சன் என்ற ருமேனிய வக்கீல், பாதிக்கப்பட்டவரிடம் எத்தனை பங்கு குற்றம் இருக்கிறது என்று தரம் பிரித்துப் பட்டியல் போட்டார். 1948-ல் ஹான்ஸ் வான் ஹென்டிக், எந்த மாதிரி ஆள் குற்றத்துக்கு இலக்காகிறார் என்று எழுதினார். 1958-ல் மார்வின் வுல்ஃப்கேங் பிலடெல்ஃபியாவின் 588 கொலைகளை ஆராய்ந்து, அவற்றில் 26 விழுக்காட்டில் செத்தவரே முதலில் கை ஓங்கியவர் என்றார். "அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்னம்மா வேலை?" என்று ஸ்டேஷனில் கேட்கிற கேள்விக்கு இப்படி ஒரு படித்த பாரம்பரியமே இருக்கிறது.

துறை திசை மாறியது 1970-களுக்கு அப்புறம். 1973-ல் ஜெருசலேமில் முதல் உலக மாநாடு, 1985 நவம்பர் 29-ல் ஐ.நா. பொதுச்சபையின் பிரகடனம்: பாதிக்கப்பட்டவருக்கு மரியாதை, தகவல், இழப்பீடு, உதவி. 1986-ல் நில்ஸ் கிறிஸ்டி என்ற நார்வே அறிஞர் ஒரு நல்ல விஷயம் சொன்னார். சமூகம் எல்லாப் பாதிக்கப்பட்டவரையும் நம்புவதில்லை. பலவீனமானவராக, நல்ல காரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தவராக, குற்றவாளியை முன்பின் அறியாதவராக இருந்தால்தான் முழு அனுதாபம் கிடைக்கும். என் சித்தி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார், அதனால் யாரும் அவரைச் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்கவில்லை. டாஸ்மாக் வாசலில் அடிபட்டவருக்கு அந்த மரியாதை கிடைக்காது, ஆனால் சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

நம் ஊரில் 1979-லேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு தீர்ப்பில், பாதிக்கப்பட்டவர் நம் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை, அது நம் முறையின் பலவீனம் என்று எழுதினார். ஆனால் "பாதிக்கப்பட்டவர்" என்றால் யார் என்று சட்டப்புத்தகத்தில் ஒரு வரி ஏற 2009 டிசம்பர் 31 வரை ஆனது. இப்போது அந்த வரி பி.என்.எஸ்.எஸ். 2(1)(ஒய்)-ல் இருக்கிறது. இழப்போ காயமோ அடைந்தவர், அவருடைய காப்பாளர், சட்டப்படியான வாரிசு, எல்லாரும் அதில் வருவார்கள். பழைய சட்டத்தில் எதிரி மேல் குற்றம் "சாட்டப்பட்டிருக்க வேண்டும்" என்று ஒரு கொக்கி இருந்தது, புதியதில் அதை எடுத்துவிட்டார்கள்.

சரி, இனி காரியத்துக்கு வருவோம்.

படி 1: முதல் 24 மணி நேரம்

பணம் ஆன்லைனில் போயிருந்தால் வேறு எதுவும் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும், தாவி முடிப்பதற்குள் முடக்கினால்தான் உண்டு. ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம்.

அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனை. அங்கே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில் டாக்டர் உங்கள் வாயால் கேட்டு ஒரு வரி எழுதுவார்: எப்போது, எங்கே, எத்தனை பேர், எதனால் அடித்தார்கள். வலியில் நாம் ஏதோ சொல்வோம். "தெரிந்த இரண்டு பேர் கட்டையால்" என்று அங்கே பதிவாகி, புகாரில் ஐந்து பேர் அரிவாளோடு வந்தார்கள் என்று இருந்தால், மூன்று வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கிற முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். நிதானமாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மயக்கத்தில் இருந்தால் கூட வந்தவர் சொன்னதாகவே எழுதச் சொல்லுங்கள். காயங்களை நீங்களும் படம் எடுத்து வையுங்கள், மறுநாள் கன்றிப்போன பிறகு இன்னொரு முறை எடுங்கள்.

பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு என்றால் பி.என்.எஸ்.எஸ். 397 ஒரு பெரிய ஆயுதம். அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதலுதவியும் சிகிச்சையும் உடனே, இலவசமாகத் தர வேண்டும். "முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது, போலீசுக்குத் தகவல் சொல்வது அவர்கள் வேலை. மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. குளிக்காமல் போவது நல்லது, உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரத்தில் கெட்டுவிடும். ஏற்கனவே குளித்தாகிவிட்டதென்றாலும் போங்கள். இரண்டு விரல் பரிசோதனை செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் சொல்லிவிட்டது, யாராவது ஆரம்பித்தால் மறுக்கலாம்.

உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ஒவ்வொரு மாவட்டத்திலும் "சகி" என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது: தங்க இடம், ஆலோசனை, கூட வர ஆள்.

படி 2: புகாரும் அந்த சி.எஸ்.ஆர். ரசீதும்

புகாரை வீட்டிலேயே உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிக்கொண்டு போங்கள். ஸ்டேஷனில் ரைட்டர் "நான் சொல்றபடி எழுதுங்க" என்பார், அவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லலாம், ஆனால் அவர் மொழியில் எழுதியதை நீங்கள் சாட்சிக் கூண்டில் நின்று தாங்கிப் பிடிக்க முடியாது. நாள், நேரம், இடம், யார், என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள், என்ன போனது. தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். புகாரைக் கொடுத்ததும் ஒரு ரசீது கிடைக்கும், சி.எஸ்.ஆர். என்பார்கள். கையில் காகிதம் வந்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள், சித்தியும் அப்படித்தான் நினைத்தார், 12 நாள் சும்மா இருந்தோம். சி.எஸ்.ஆர். என்பது "உங்கள் மனு வந்தது" என்பதற்கான சீட்டு, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற எண் இருக்கும், சட்டப் பிரிவு இருக்கும், நீதிமன்றத்துக்கு ஒரு பிரதி போயிருக்கும். இரண்டையும் கலக்காதீர்கள்.

கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், இது 2013-ல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. புதிய சட்டம் 173(3)-ல் ஒரு இடைவெளி விட்டிருக்கிறது: மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் வரை முதல்கட்ட விசாரணை செய்யலாம். சங்கிலிப் பறிப்பு இந்த வகையில் வரும். "விசாரிச்சுட்டுப் போடுறோம்" என்றால், டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாயிற்றா, 14 நாள் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

"சம்பவ இடம் எங்க எல்லைக்குள்ள வராது" என்பதும் இனி செல்லாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கி ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலோ இணையத்திலோ அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், தகவல் கொடுத்தவருக்கு மட்டும் என்று இருந்ததை மாற்றி இப்போது பாதிக்கப்பட்டவருக்கும் என்று சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தக் கட்டப்பஞ்சாயத்து. "எதுக்கும்மா கேஸு, கோர்ட்டு, வருஷக்கணக்கா அலையணும், பேசி முடிச்சுக்கங்க." சில சில்லறைத் தகராறில் அது நியாயமான யோசனையாகக்கூட இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷனில் வைத்து எழுதி வாங்குகிற "இனி இவர் மேல் நடவடிக்கை வேண்டாம்" என்ற காகிதம் பின்னால் உங்கள் கழுத்தைச் சுற்றும். பாலியல் குற்றம், சாதி வன்கொடுமை, குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லை.

படி 3: வாங்க மறுத்தால்

புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், அதுதான் அடுத்த கதவின் சாவி. அதற்கும் அசைவில்லை என்றால் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு, கூடவே பிரமாணப் பத்திரம். இந்த இரண்டு படியையும் தாண்டாமல் நேராக உயர் நீதிமன்றத்துக்கு ஓடாதீர்கள், முதலில் மாஜிஸ்திரேட்டைப் பார் என்று 2007-லேயே சாகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, செலவும் மிச்சம்.

படி 4: விசாரணை நடக்கும் காலம்

போலீசிடம் நீங்கள் தரும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது, சட்டமே அப்படித்தான். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் கண்டிப்பாகக் கூடாது. பாலியல் குற்றங்களில் மாஜிஸ்திரேட் முன்னால் தரும் வாக்குமூலம் 183-ன் கீழ் வரும், அது வேறு, அதற்குக் கனம் அதிகம்.

எதிரி முகம் தெரியாதவன் என்றால் சிறையில் ஒரு மாஜிஸ்திரேட் அடையாள அணிவகுப்பு நடத்துவார். அதற்கு முன்னால் ஸ்டேஷனில் "இவன்தானா பாருங்க" என்று ஆளையோ போட்டோவையோ காட்டினால் பின்னால் அணிவகுப்பே வீணாகிவிடும். சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சித்தியும் ஆமாம் இவன்தான் என்றார். குறுக்கு விசாரணையில் எதிரி வக்கீல் கேட்ட மூன்றாவது கேள்வி அதுதான்.

90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று 193(3) சொல்கிறது. வாட்ஸ்அப் செய்தியாகக்கூட வரலாம். வராது. 91-ஆம் நாள் நீங்களே குற்ற எண்ணைப் போட்டு ஒரு கடிதம் கொடுத்து ரசீது வாங்குங்கள். இதில் இன்னொரு கணக்கும் உண்டு: எதிரி சிறையில் இருக்கும்போது 60 அல்லது 90 நாளுக்குள் (குற்றத்தைப் பொறுத்தது) குற்றப்பத்திரிகை போடாவிட்டால் அவருக்கு ஜாமீன் உரிமையாகவே கிடைத்துவிடும். அதனால் 50-ஆவது நாளிலிருந்தே மெல்ல விசாரிக்க ஆரம்பியுங்கள்.

பறிபோன நகை, வண்டி, போன் மீட்கப்பட்டால் வழக்கு முடியும்வரை ஸ்டேஷனில் துருப்பிடிக்க விட வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட்டிடம் சொத்தைத் திரும்பக் கேட்டு மனு போடலாம், ஜாமீன்தாரரோடு பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். படம் எடுத்து, விவரம் குறித்துக்கொண்டு சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள் என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தெளிவாகச் சொல்லியாயிற்று. நகைக்கு பில் இருந்தால் சுலபம். பழைய நகைக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? கல்யாணப் போட்டோவில் கழுத்தில் தெரிந்த சங்கிலியைக் காட்டித்தான் நாங்கள் வாங்கினோம்.

கடைசியில் போலீஸ் "பொருண்மைப் பிழை" (புகாரில் சொன்னபடி நடக்கவில்லை) என்றோ "ஆள் கண்டுபிடிக்கப்படவில்லை" என்றோ வழக்கை மூடினால் உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வரும், ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். பலர் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உங்களைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அந்த அறிக்கையை ஏற்கக்கூடாது என்பது 1985 முதல் இருக்கும் சட்டம். ஆட்சேபணை மனு போடுங்கள், விசாரணையில் என்ன விட்டுப்போனது, யாரை விசாரிக்கவில்லை, எந்த சி.சி.டி.வி.யை எடுக்கவில்லை என்று குறிப்பாக எழுதுங்கள்.

படி 5: ஜாமீன் மனு வரும்போது

"அவன் ஜாமீன்ல வந்துட்டானாம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரியும், அதுதான் வழக்கம். இதை மாற்ற முடியும். உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மேல் வண்டி ஏற்றிய லக்கிம்பூர் கேரி சம்பவத்தில் 2022 ஏப்ரலில் ஜாமீனை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம், விசாரணை தொடங்கியதிலிருந்து மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்றது. நடைமுறையில் ஒரு வக்கீல் மூலம் இன்டர்வீன் மனு, அதாவது எங்களையும் கேளுங்கள் என்ற மனு, போட வேண்டும். குற்ற எண்ணை வைத்துக்கொண்டு இ-கோர்ட்ஸ் செயலியில் தினமும் பாருங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைச் சட்டத்தில் இது இன்னும் பலமாக இருக்கிறது. 15ஏ பிரிவின்படி ஜாமீன் உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் உங்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும், உங்களைக் கேட்க வேண்டும். இது சம்பிரதாயம் இல்லை, கட்டாயம் என்று 2021-ல் ஹரிராம் பாம்பி வழக்கில் சொன்னார்கள், தகவல் தராமல் கொடுத்த ஜாமீன் ரத்தானது. 16 வயதுக்குட்பட்ட சிறுமிகள் மீதான பாலியல் வன்கொடுமையிலும் ஜாமீன் விசாரணையில் தகவல் கொடுத்தவரோ அவர் சார்பில் ஒருவரோ இருப்பது கட்டாயம்.

படி 6: மிரட்டல்

வீட்டு வாசலில் வண்டியை உறுமிக்கொண்டு போவது, சொந்தக்காரர் மூலம் தூது, மகளின் கல்லூரி வாசலில் நிற்பது. இவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 2018-ல் மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம், போலீஸ் ஐந்து வேலை நாளுக்குள் ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை தர வேண்டும், அதன்பேரில் ரோந்து, கேமரா, நீதிமன்றத்துக்குப் போய்வரத் துணை, மோசமான நிலை என்றால் இடமாற்றம் வரை உண்டு. இந்த மனுவை யாரும் போடுவதே இல்லை, இப்படி ஒன்று இருப்பது பல வக்கீல்களுக்கே நினைவில்லை என்பது என் அனுபவம். ஜாமீனில் இருப்பவர் மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யவும் கேளுங்கள், அந்த நோட்டு அப்போது உதவும்.

படி 7: சாட்சிக் கூண்டு

குற்றப்பத்திரிகை வந்ததும், உங்களுக்கு வக்கீல் இருந்தால், அதன் நகலும் ஆவணங்களும் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று 230 சொல்கிறது. பழைய சட்டத்தில் எதிரிக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு வக்கீல் வேண்டும். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். ஆனால் உங்கள் வக்கீல் எழுந்து நின்று எதிரியைக் கிழிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் அரசு வழக்கறிஞருக்கு உதவலாம், கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம், கடைசியில் எழுத்து மூலம் வாதம் தாக்கல் செய்யலாம். தானே வாதாடவும் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது என்று 2019-ல் ரேகா முரார்கா தீர்ப்பு கதவைச் சாத்திவிட்டது. என்னைக் கேட்டால் இது தப்பு. நூற்றுக்கணக்கான வழக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒருநாள் காலையில் உங்கள் கட்டைப் பிரிக்கும் அரசு வழக்கறிஞருக்கு உங்கள் வழக்கு எவ்வளவு தெரியும்?

அதனால் சம்மன் தேதிக்கு முன்னாலேயே போய் அவரைப் பாருங்கள். உங்கள் புகாரையும் வாக்குமூலத்தையும் படித்துப் பார்க்கக் கேளுங்கள். மனப்பாடம் செய்யாதீர்கள், நாலு வருடத்துக்கு முன் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கூண்டில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "நான் சொல்வது பொய் என்றால் சரியல்ல" என்பது போல நீதிமன்றத் தமிழில் பதிவாகும்போது குழப்பமாக இருக்கும், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி, தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் நடத்தை, முந்தைய உறவுகள் பற்றிக் கேட்கவே கூடாது, அசிங்கமான கேள்விகளை நீதிபதி தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் அரசு வழக்கறிஞர் ஆட்சேபிக்க வேண்டும். அவரும் சும்மா இருந்தால் நீங்களே "ஐயா, இதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?" என்று நீதிபதியைப் பார்த்துக் கேளுங்கள், பல நேரம் அந்த ஒரு கேள்வி போதும்.

குழந்தை என்றால் போக்சோ சட்டம் நிறையவே தருகிறது. சீருடை இல்லாத பெண் அதிகாரி, வீட்டிலேயே வாக்குமூலம், எதிரியைக் குழந்தை பார்க்காத ஏற்பாடு, மூடிய அறை விசாரணை, வழக்கு முடியும்வரை கூட இருக்க ஒரு துணை நபர். அந்தத் துணை நபரைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள், தானாக வந்தால் அதிர்ஷ்டம்.

சாட்சி சொல்லப் போனதற்குச் சாட்சிப் படி உண்டு, தொகை சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, ஆனால் கேளுங்கள். வராந்தாவில் எதிரியோடு உட்கார வைத்தால் நீதிமன்ற ஊழியரிடம் வேறு இடம் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியவில்லை. குற்றம் ஒருமுறை செய்கிற காயத்தை விசாரிக்கிற அமைப்பு மறுபடி மறுபடி செய்வதற்கு இந்தத் துறையில் ஒரு பெயரே இருக்கிறது, இரண்டாம் பாதிப்பு. அந்த அரை மணி நேரப் பெஞ்சுதான் அது.

படி 8: இழப்பீடு, யாரும் தானாகச் சொல்லாத பகுதி

இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, தண்டனை கொடுக்கும்போது எதிரியிடமிருந்து வாங்கித் தருவது, 395. இதற்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் நீதிமன்றங்கள் மறந்துவிடும். கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிந்தது. அரசு வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே மருத்துவச் செலவு, சம்பள இழப்புக் கணக்கைக் கொடுத்து வையுங்கள்.

இரண்டாவது, அரசு தருவது, 396. இதற்குத்தான் தமிழ்நாட்டில் 2013-ல் திட்டம் வந்தது, பாலியல் குற்றம், ஆசிட் வீச்சு போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டம் தனி. இந்தப் பணம் எதிரியின் பையிலிருந்து வருவதில்லை, அதனால் எதிரி ஏழையா, அகப்பட்டானா என்பது கேள்வியே இல்லை. ஆள் யார் என்றே தெரியாவிட்டாலும் நீங்கள் நேராக மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். எதிரி விடுதலையானாலும் நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். அவர்கள் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அவசரச் சிகிச்சை என்றால் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் சான்றோடு இடைக்காலத் தொகை கேட்கலாம், தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2018 திட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கும் உயிரிழப்புக்கும் 5 முதல் 10 லட்சம், முகம் சிதைந்த ஆசிட் வீச்சுக்கு 7 முதல் 8 லட்சம் என்று இருக்கிறது. முழுத்தொகையும் கையில் வராது, பொதுவாக 25 விழுக்காடு உடனே, 75 விழுக்காடு குறைந்தது மூன்று வருட வைப்புத்தொகையில். குறைவாகக் கொடுத்தால் மாநில ஆணைக்குழுவுக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு. விண்ணப்பத்தோடு எஃப்.ஐ.ஆர்., மருத்துவக் காகிதங்கள், வங்கிப் புத்தகம், அடையாள அட்டை. வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் எஃப்.ஐ.ஆரில் இருக்கும் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், இனிஷியல் மாறினாலே இழுத்தடிப்பார்கள்.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை என்றால் தீருதவித்தொகை தனிக் கணக்கு, 2016 விதிகளின்படி குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை, எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என்று தவணையாக வரும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

எவ்வளவு நாளாகும்? வாச்சாத்தியைச் சொல்கிறேன். தருமபுரி மாவட்ட மலைக்கிராமம். 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே போனார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் சங்கம் சென்னையில் தொடங்கியதும் அதே 1992-ல்தான், ஒரு பக்கம் படிப்பு, ஒரு பக்கம் இது. சி.பி.ஐ. விசாரணைக்கே 1995 வரை போராட வேண்டியிருந்தது. 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தர உத்தரவிட்டது, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. 31 வருடம். அந்தப் பெண்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டதால் வந்த காசு அது.

படி 9: தீர்ப்புக்கு அப்புறம்

எதிரி விடுதலையானால், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை என்றால், அல்லது இழப்பீடு போதவில்லை என்றால், நீங்களே மேல்முறையீடு செய்யலாம், 413. அரசு செய்யுமா என்று காத்திருக்க வேண்டாம், நீதிமன்றத்தின் தனி அனுமதியும் தேவையில்லை என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் "தண்டனை போதாது, கூட்டுங்கள்" என்று மட்டும் கேட்டு நீங்கள் மேல்முறையீடு செய்ய முடியாது, அது அரசின் கையில்தான் இருக்கிறது. நடுவில் அரசு வழக்கையே வாபஸ் வாங்க நினைத்தாலும் 360-ன்படி உங்களைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக்கூடாது.

இதற்கெல்லாம் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும், மனுப் போட்ட நாளைக் குறித்து வையுங்கள், காலக்கெடுக் கணக்கில் அது உதவும். எங்களுக்கு அந்த நகல் வர ஐந்து வாரம் ஆனது. அவனுக்குத் தண்டனை கிடைத்திருந்தது, இழப்பீடு பற்றி ஒரு வரியும் இல்லை. ஆணைக்குழுவுக்கு எழுதுகிற விண்ணப்பத்தைச் சித்தி தன் கையாலேயே எழுதினார், "அ.சா.1" என்று போடட்டுமா என்று கேட்டதற்கு முறைத்துவிட்டு, தன் முழுப் பெயரை இனிஷியலோடு எழுதினார்.